தொடையிலிருந்து வந்த புறங்கை

7-6-2006, புதன்

தடுப்புக் கம்பியை இன்றைக்கு மறுபடியும் கழற்றிவிட்டார்கள். சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறது.

ஐந்து வருடமாக எனக்கு ஒரே வேலை. சாயப்பட்டறையிலிருந்து வருகிற பனியன் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்துக் காலண்டர் மெஷினுக்குள் விட வேண்டும். கொதிக்கிற இரண்டு ரோலருக்கு நடுவில் நசுங்கிப் போய், இஸ்திரி போட்ட மாதிரி அந்தப் பக்கம் வரும். துணியின் ஓரம் சுருளும். சுருண்டால் கையை நீட்டி நீவிவிட வேண்டும். நீட்டுகிற கை ரோலர் வாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கம்பி. ஆனால் துணி ரோலரில் சுற்றிக்கொண்டால் கம்பி குறுக்கே நிற்கும். மெஷினை நிறுத்திப் பின்பக்கம் போய் அறுத்து எடுக்க வேண்டும். நேரம் போகும். அதனால் கம்பி போய்விட்டது.

சதீஷ்குமாரிடம் கேட்டேன். முதலாளி ஆறுச்சாமியின் மகன். இப்போது எல்லாம் அவன் ராஜ்ஜியம்தான். "ஷிப்மெண்ட் முடியட்டுமுங்க அக்கா, மாட்டிரலாமுங்க" என்றான். ஒரு பேச்சில் எத்தனை 'ங்க'! எங்கள் சாத்தூர்ப் பக்கத்தில் முதலாளி என்றால் திட்டுவான். நாமும் மனசுக்குள் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர்கள் மரியாதையாகப் பேசிப் பேசியே நம் வாயை அடைத்துவிடுகிறார்கள். சண்டை போட எங்கே பிடிப்பது என்று தெரிவதில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "அவுகளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். முனீஸ் என்று பெயர். முனியசாமி பெயரை வைத்துக்கொண்டு இவ்வளவு பயம் ஒரு மனுஷனுக்கு ஆகாது. வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். முதலாளி என்று சொல்லத்தக்க யார் எதிரே வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றுவார். அப்புறம்தான் காது கேட்கும்.

9-6-2006, வெள்ளி

கம்பி சுவரோரமே. யாரோ அதில் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார்கள்.

17-6-2006, சனி

இடது கை. எழுத்து கோழி கிளறின மாதிரி. இருக்கட்டும்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. வலது கை தலையணை மேல், தலையை விடப் பெரிதாக. டைரியை எடுத்து வரச் சொன்னதற்கு மதினி, "இந்த நேரத்துல இது ஒண்ணுதான் கேடு" என்றாள். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

18-6-2006, ஞாயிறு

திங்கட்கிழமை மத்தியானம். சந்தன நிறத் துணி. ஓரம் சுருண்டது. நீவினேன். துணியோடு கை போய்விட்டது. அவ்வளவுதான்.

ஆபரேட்டர் கந்தப்பன் அண்ணன் ஸ்விட்சை அடித்து, ரோலரைத் தூக்கி, கையை எடுத்தார். விரல்கள் இருந்தன. உள்ளங்கை இருந்தது. புறங்கையில் தோல் என்று ஒன்று இல்லை. வெள்ளை வெள்ளையாக நரம்பு தெரிந்தது. எல்லோரும் "பாக்காத, பாக்காத" என்றார்கள். என் கையை நான் பார்க்கக் கூடாதாம்!

முதலில் பக்கத்திலிருந்த சின்ன நர்சிங் ஹோமுக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆறுச்சாமி ஐயா வந்தார். "ஏங் கண்ணு, கொஞ்சம் பாத்து வேல செஞ்சிருக்கலாமில்ல?" என்றார். கம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்தான் பார்த்து வேலை செய்யாதவள்.

அங்கிருந்த டாக்டர் அவரையும் இவரையும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். கதவு திறந்துதான் இருந்தது. போனது கைத்தோல்தான், காது இல்லை. மூடுவதற்குத் தோல் இல்லை, மணிக்கட்டோடு எடுத்துவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும் என்றார் டாக்டர். "எது சீக்கிரமோ அதப் பண்ணுங்க. அந்தப் புள்ளைய எதுக்குப் போட்டு வாட்டோணும்?" இது ஆறுச்சாமி ஐயா. என்ன கரிசனம்! எங்கள் வீட்டுக்காரர் அதற்கு என்ன சொன்னார் தெரியுமா?

"சரிங்கய்யா."

சரிங்கய்யா! டீ வாங்கிட்டு வாடா என்றால் சொல்கிற அதே சரிங்கய்யா.

படுத்தபடியே கத்தினேன். "யாரு கைய யாரு எடுக்கச் சொல்றது? ஒம்ம கையவா கேட்டாக? எங்கிட்ட வந்து கேளுங்க, இங்கன உசுரோடதான கெடக்கேன்!" கத்திக்கொண்டே விரல் நுனிகளை ஆட்டினேன். ஆடின. வலியில் கண் இருட்டியது. ஆனால் ஆடின. வாசலில் நின்ற கந்தப்பன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். "ஐயா, கோயமுத்தூர்ல கைக்குன்னே ஆபரேசன் பண்ற எடம் இருக்குதுங்க. எங்க சித்தப்பன் பையனுக்கு அங்கதான் பண்ணுனாங்க. இப்ப அவன் மம்பட்டி புடிக்கறானுங்க" என்றார். முதலாளி முன்னால் அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கே கோயமுத்தூருக்கு ஏற்றினார்கள்.

இவ்வளவு எழுத ஒரு காலைப்பொழுது போய்விட்டது. இடது கைக்கும் வலி வந்துவிட்டது.

20-6-2006, செவ்வாய்

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னிடம் பேசினார். இவரைப் பார்த்து அல்ல, கம்பெனி அனுப்பிய ஆளைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து. எனக்கு அழுகை வந்தது. கை போனபோது வராத அழுகை.

தோலை மெல்லிசாகச் சீவி ஒட்டினால் பிடிக்காதாம். அடியில் சதை இல்லை, நான் நரம்பு என்று நினைத்த தசைநாண்தான் இருக்கிறது. அது காய்ந்துபோகும். தப்பித் தவறி ஒட்டினாலும் எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு விரல் மடங்காது. இன்னொரு வழி, இடுப்புத் தோலில் கையைச் சேர்த்துத் தைத்து மூன்று வாரம் அப்படியே கிடப்பது. மூன்றாவது வழியைக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"தொடையிலேருந்து ஒரு துண்டு எடுப்போம். தோல், கொழுப்பு, அதுக்கு ரத்தம் கொண்டுவர்ற குழாய், எல்லாம் சேத்து. முழுசாத் தனியா வந்துடும். அதைப் புறங்கையில வெச்சு, மணிக்கட்டுல ஓடற ரத்தக்குழாயோட மைக்ராஸ்கோப்புல பாத்துத் தைப்போம். தலைமுடியை விட மெல்லிசு நூல்."

தையல், நூல் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எங்கள் பனியன் தையல் மாதிரி ஓவர்லாக்கா, பிளாட்லாக்கா என்று கேட்கலாம் போலிருந்தது. கேட்டேவிட்டேன். டாக்டரம்மா சிரித்தார்.

சிரித்துவிட்டு, பயப்பட வேண்டியதையும் சொன்னார். தைத்த குழாய் அடைத்துக்கொண்டால் துண்டு செத்துவிடும். முதல் சில நாட்கள்தான் கண்டம். காபி, டீ கூடாது. அறையில் பீடி வாடையே வரக் கூடாது. குளிர் படவே கூடாது. குளிர்ந்தால் குழாய் சுருங்கிவிடும். கம்பெனிக் கௌரவத்துக்கு எனக்கு ஏசி ரூம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா முதல் வேலையாக ஏசியை அணைக்கச் சொல்லி, 'போடக் கூடாது' என்று எழுதிச் சுவரில் ஒட்டவும் வைத்தார். இவரிடமும் தனியாகச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார்.

டாக்டரம்மா போன பிறகு இவர், "தொடையிலயா?" என்று மெதுவாகக் கேட்டார். அசிங்கம் போல.

"கைய வெட்டச் சொன்னப்ப வராத வெக்கம் இப்ப எங்கிட்டிருந்து வருது?" என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

நாளைக்கு ஆபரேஷன்.

26-6-2006, திங்கள்

கோபத்தில் பேனா கிழிக்கிறது. கிழிக்கட்டும்.

புதன்கிழமை காலையில் உள்ளே போனேன். வெளியே வரும்போது சாயங்காலம் என்றார்கள். துண்டு பிடித்துக்கொண்டது, ரத்தம் ஓடுகிறது என்று டாக்டரம்மா சொன்னது கிணற்றுக்குள்ளிருந்து கேட்ட மாதிரி கேட்டது. நர்ஸ் அடிக்கடி வந்து அந்தத் துண்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவப்பு திரும்பி வரும். வந்தால் சரி. கைக்கு மேல் ஒரு குண்டு பல்பு, சூட்டுக்கு. அறை முழுக்கப் புழுக்கம்.

வியாழக்கிழமை மத்தியானம் பெரியாத்தாள் அம்மா வந்தார். ஆறுச்சாமி ஐயாவின் மனைவி. நான் தூக்க மருந்தில் கிடந்தேன். நடந்ததை வார்டு ஆயா மயிலாள் அக்கா சொல்லித்தான் தெரியும்.

நர்ஸ் பார்த்துவிட்டுப் போன கையோடு அந்த அம்மா வந்திருக்கிறார். ஆப்பிள் பையோடு. "அட என்னுங்க இது, அடுப்புக்குள்ள போட்டு வெச்ச மாதிரி வெச்சிருக்கறாங்க! ஏசி ரூமுன்னு சொன்னாங்களே" என்று சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாராம். மேஜை மேல் இருந்த ரிமோட்டை எடுத்து இவர் கையில் கொடுத்து, "அதப் போடு கண்ணு" என்றாராம்.

போட்டிருக்கிறார்!

சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. இவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். டாக்டரம்மா இவரிடம்தான் தனியாகவும் சொன்னார். தெரிந்தே போட்டார். அந்த அம்மா குளுகுளுவென்று உட்கார்ந்து, புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு என்ன கல் பதிக்கிறார்கள் என்று பேசியிருக்கிறார். இவர் நின்றுகொண்டே "ஆமாங்கம்மா, ஆமாங்கம்மா" என்றிருக்கிறார். தரை துடைக்க வந்த மயிலாள் அக்காதான் பார்த்தது. "அடப் பாவி மனுசா, ஆரய்யா இதப் போட்டது!" என்று கத்தி, ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தது. துண்டு மெழுகு மாதிரி வெளுத்திருந்ததாம். அழுத்தினாலும் வெளுப்பு, விட்டாலும் வெளுப்பு.

மறுபடி தியேட்டர். மறுபடி மயக்கம். தைத்த இடத்தைப் பிரித்து, கட்டி நின்ற ரத்தத்தை எடுத்து, மறுபடி தைத்தார்கள். டாக்டரம்மா சாப்பிடக்கூட இல்லையாம் அன்றைக்கு. பிழைத்துவிட்டது.

கண் முழித்ததும் இவரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்: "அவுக வேர்த்து ஒழுக உக்காந்திருந்தாக. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

எப்படிச் சொல்வதா? வாயைத் திறந்து சொல்வது. இரண்டு வார்த்தை. நாக்கு என்று ஒன்று எதற்குக் கொடுத்திருக்கிறது? முதலாளி வீட்டு அம்மாவுக்கு வேர்க்கக் கூடாது, பெண்டாட்டிக்குக் கை போனால் போகட்டும். அந்த அம்மா மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது. ஏசி போட்டுக் கொடுத்தால் மரியாதை என்று நினைக்கிற ஆள். இவருக்குத் தெரியும். தெரிந்த மனுஷன்.

மதினி சொல்கிறாள், "அவன் கொணம் தெரிஞ்சதுதான, விடு." எதை விடுவது?

28-6-2006, புதன்

கையில் சின்னக் குழல் வைத்துக் கேட்க வைத்தார்கள். புஸ், புஸ், புஸ். என் ரத்தம். தொடைத் துண்டுக்குள் ஓடுகிறது. நாள் முழுக்கக் கேட்கலாம்.

3-7-2006, திங்கள்

கட்டைப் பிரித்து முழுதாகப் பார்த்தேன்.

பன் ரொட்டி. புறங்கையில் ஒரு பன் ரொட்டியை வைத்துத் தைத்த மாதிரி. நிறம் வேறு. தொடை வெயில் படாத இடம், வெளுப்பு. கை கறுப்பு. எங்கள் செக்கிங் டேபிளுக்குப் போனால் ஷேட் வேறே என்று ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டி மூலையில் எறிவார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "பின்னாடி கொழுப்பைக் குறைச்சு மெல்லிசாக்கலாம். ஆனா ஞாபகம் வெச்சுக்கங்க, இது தொடைக் கொழுப்பு. நீங்க குண்டானா கையும் குண்டாகும்" என்றார்.

நன்றாக இருக்கிறது. இனி என் எடையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையிலேயே தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன. மடங்குகின்றன!

24-7-2006, திங்கள்

திருப்பூர், நெருப்பெரிச்சல் ஊர். எங்கள் லைன் வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாளாகிறது.

ஆறுச்சாமி ஐயா வீட்டில் போவோர் வருவோரிடமெல்லாம் "நாங்கதான் அந்தப் புள்ளையோட கையக் காப்பாத்துனோம்" என்று சொல்கிறார்களாம். செலவு செய்தார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையை நசுக்கினது யார் மெஷின்? வெட்டச் சொன்னது யார்? ஏசி போடச் சொன்னது யார்? எல்லாவற்றையும் அவர்களே செய்துவிட்டு, காப்பாற்றினதும் அவர்களாம்.

இவரோடு தேவைக்குத்தான் பேசுகிறேன். உப்பு, தண்ணி, கதவு. மொபெட்டில் ஆஸ்பத்திரி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிறார். நான் அவரைப் பிடிப்பதில்லை. இடது கையால் பின்னால் இருக்கிற கேரியரைப் பிடித்துக்கொள்கிறேன்.

13-8-2006, ஞாயிறு

லைன் வீட்டு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். வருஷா வருஷம் எங்கள் பானை உண்டு. கரண்டியை எடுத்தேன். மதினி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இவருடைய அக்கா, மூக்கம்மாள். "நீ ஊத்தாத. தொடைக்கறி வெச்ச கை. சாமி காரியம்" என்றாள். காதோடுதான் சொன்னாள். காதோடு சொன்னால் உறைக்காதா?

இடது கைக்குக் கரண்டியை மாற்றினேன். "ஏட்டி, பீச்சாங்கையால ஊத்துவியா?" என்றாள்.

"அப்ப எந்தக் கையால ஊத்த? மூணாவது கை இருந்தாச் சொல்லுங்க மதினி, அதால ஊத்துறேன்."

எனக்குப் புரியவே இல்லை. என் தொடை என்ன, ஊரான் தொடையா? என் உடம்பில் ஒரு பக்கம் சுத்தம், ஒரு பக்கம் தீட்டா? வலது கையாலேயே ஊற்றினேன். விரல் கரண்டியை இறுக்கிப் பிடிக்கவில்லை. கொஞ்சம் சிந்தியது. சிலர் பக்கத்துப் பானைக்கு நகர்ந்தார்கள். நான் பார்த்துக்கொண்டேன் யார் யார் என்று. கந்தப்பன் அண்ணன் வரிசையில் வந்து நின்று இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

19-9-2006, செவ்வாய்

முட்டாள்தனம். தோசைக்கல் காய்ந்ததா என்று புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ரோலர் சூட்டை அப்படித்தான் பார்ப்போம், ஐந்து வருடப் பழக்கம். சூடே தெரியவில்லை. இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே. கடைசியில் வாடை வந்தது. கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் உணர்ச்சி கிடையாது என்று டாக்டரம்மா சொன்னார்தான். பழக்கம் கேட்டால்தானே? கொப்புளம்.

இவர் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். அப்புறம் தோசையை அவரே சுட்டார்.  தோசை முழுக்கக் கருகல். சாப்பிட்டேன்.

21-9-2006, வியாழன்

நேற்றும் இன்றும் சமையல் அவர்தான். ரசம் வாயில் வைக்க முடியவில்லை.

24-11-2006, வெள்ளி

கொழுப்பைக் குறைக்கிற ஆபரேஷன் முடிந்தது. பன் ரொட்டி போய் இட்லி ஆகியிருக்கிறது. ஆறினால் தோசையாகும் என்கிறார் மயிலாள் அக்கா.

அறையில் ஏசி இல்லை. இந்தத் தடவை சாதாரண வார்டுதான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

8-1-2007, திங்கள்

வலது கையால் எழுதுகிறேன். பேனாவில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி நூல் கட்டியிருக்கிறேன், அப்போதுதான் பிடிக்க வருகிறது. கையெழுத்து பழையபடி இல்லை. ஆனால் என் கையெழுத்துதான்.

கம்பெனிக்குப் போனேன். ஆபீசில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பது, ஆட்களைக் கூப்பிட்டு விடுவது, வருகிறவர்களுக்கு டீ சொல்லிவிடுவது. சதீஷ்குமாரின் உள் அறையில் ஏசி ஓடும். குளிர் பட்டால் கை விறைத்துக் குத்துகிறது. இன்னும் ஒரு வருஷமாவது அப்படி இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதனால் வெளியே வராந்தாவில் மேஜை போட்டுக்கொண்டேன்.

போகிற போக்கில் காலண்டர் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் இடத்தில் ஜோதிகா என்று ஒரு புதுப் பெண் நிற்கிறாள். கல்யாணமாகி இரண்டு மாதம், கை நிறைய வளையல். கம்பி எங்கே என்று பார்த்தேன்.

சுவரோரம்.

என் கை போன பிறகும் சுவரோரம்! இவர்கள் என்ன மனிதர்கள்? கந்தப்பன் அண்ணனைக் கேட்டேன். "மாட்டுனேன் சாமி. ரெண்டு மாசம் இருந்துச்சு. சீசன் வந்துச்சு, கழட்டச் சொல்லிட்டாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சதீஷ்குமாரைக் கேட்டேன். "பாத்துக்கலாமுங்க அக்கா" என்றான்.

21-2-2007, புதன்

நாளைக்கு ஆடிட். எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியிலிருந்து, பாதுகாப்பெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள். ஒரு வாரமாகக் கூத்து. கக்கூசுக்குச் சோப்பு வந்தது. தீயணைக்கும் சிலிண்டர் வந்தது. யாராவது கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பெண்களை வரிசையில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சதீஷ்குமார் காலையில் என்னிடம் வந்தான். "அக்கா, நாளைக்கு நீங்க லீவு எடுத்துக்குங்க. சம்பளம் புடிக்க மாட்டேனுங்க." ஏன் என்று கேட்டேன். என் கையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "இல்லீங்க, உங்களுக்குத்தான் அலைச்சலு..." என்றான்.

என் கையை வெள்ளைக்காரன் பார்க்கக் கூடாது. அதுதான். கக்கூசுக்குச் சோப்பு வைத்த மாதிரி என்னையும் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். மேலெல்லாம் பற்றி எரிந்தது. அதோடு விட்டானா? "அப்புறங்க அக்கா, காலண்டர்ல அந்தக் கம்பிக்குப் போல்ட்டெல்லாம் காணமுங்க. வெல்டிங் லிங்கசாமியக் கூப்புட்டுச் சும்மா ஒட்டி வெக்கச் சொல்லிருங்க. ஆடிட் முடிஞ்சு ஒரு தட்டுத் தட்டுனா உழுந்திரோணும்."

யாரிடம் சொல்கிறான்! என்னிடம்! யோசித்துத்தான் சொன்னானா? யோசிக்கவே இல்லை. அவனுக்கு அது ஒரு கம்பி.

"சரிங்க" என்றேன். அவர்களுடைய அதே 'ங்க'.

லிங்கசாமி வந்தார். மெஷினை நிறுத்தி, ரோலர் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். "எப்படிங்க வெக்கறது, சும்மா புள்ளி வெச்சாப் போதுமுங்களா?" என்று கேட்டார். நான் அவர் முன்னால் வலது கையை நீட்டினேன்.  கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். 

"முழுசா வைங்க. உள்பக்கமாவும் வைங்க" என்றேன்.

"உள்பக்கம் வெச்சா அப்புறம் ரோலரக் கழட்டாம அறுக்க முடியாதுங்க. டிஸ்க்கு நுழைய எடமிருக்காது."

"அப்படியே வைங்க."

கந்தப்பன் அண்ணன் அங்கேதான் நின்றார். எல்லாம் கேட்டது அவருக்கு. சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்.

22-2-2007, வியாழன்

லீவு. வீட்டில் உட்கார்ந்து துவரம் பருப்பில் கல் பொறுக்கினேன். விரலுக்கு நல்ல பயிற்சி.

26-2-2007, திங்கள்

தட்டிப் பார்த்திருக்கிறார்கள். விழவில்லை. சுத்தியால் தட்டியிருக்கிறார்கள். விழவில்லை. லிங்கசாமியைக் கூப்பிட்டால், ரோலரைக் கழற்றி வைத்தால்தான் அறுக்க முடியும், மெஷின் இரண்டு மூன்று நாள் நிற்கும் என்று சொல்லிவிட்டார்.

சதீஷ்குமார் முகமெல்லாம் சிவந்து வராந்தாவுக்கு வந்தான். "அக்கா, நான் உங்ககிட்ட என்னங்க சொன்னேன்?" கோபத்திலும் ங்க போகவில்லை பாருங்கள்.

"ஒட்டி வெக்கச் சொன்னீங்க. கொஞ்சம் நல்லாவே ஒட்டிருச்சுங்க" என்றேன்.

வேலையை விட்டுப் போகச் சொல்வான் என்று நினைத்தேன். சொன்னால் போகலாம் என்றுதான் இருந்தேன். இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தேன். அவன் பார்வை என் கையில் விழுந்து, அங்கேயே கொஞ்சம் நின்றது. "சீசன் முடியட்டும், அறுத்துக்கலாம்" என்று உள்ளே போய்விட்டான்.

சீசன் எப்போது முடிந்திருக்கிறது திருப்பூரில்?

14-3-2007, புதன்

துணி மூன்று தடவை சுற்றிக்கொண்டது. மூன்று தடவையும் மெஷினை நிறுத்தி, பின்பக்கம் போய்த்தான் அறுத்து எடுத்தார்கள். மெஷின் நிற்கிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. ஜோதிகா அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வந்தாள். "இந்தக் கம்பி ஒரே தொந்தரவு அக்கா" என்றாள். அவளைத் திட்டலாமா என்று நினைத்தேன். தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன்.

21-4-2007, சனி

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது.

சாயங்காலம் பெரியாத்தாள் அம்மா ஆபீசுக்கு வந்தார். புது வீடு கட்டி முடித்துவிட்டார்கள், கிரகப்பிரவேசப் பத்திரிகை. சதீஷ்குமார் வெளியே போயிருந்தான். "உள்ள வா கண்ணு, உக்காந்து பேசலாம்" என்று என்னை அவன் அறைக்குள் கூட்டிப்போனார். என்னை அழைத்துப்போக இவர் அப்போதுதான் வந்து கம்பெனி கேட் அருகே நின்றார். "அட, ஊட்டுக்காரரும் வந்துட்டாரா, வரச் சொல்லு" என்றார். இவர் வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுவரோரமாக நின்றார்.

பத்திரிகை கொடுத்தார். கட்டாயம் வரோணும் என்றார். எதைத் தொட்டாலும் சுட்டது அந்த அறையில். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மேஜை மேலிருந்த ரிமோட்டை எடுத்து இவர் பக்கம் நீட்டினார்.

"அதப் போடு கண்ணு."

இவர் வாங்கிக்கொண்டார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியும். இந்த ஒரு வருஷத்தில் யார் யாரிடமோ சொல்லியாயிற்று. ஆனால் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இவரையே பார்த்தேன். போடட்டும். போட்டால் இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகத்தான் நினைத்தேன்.

இவர் ரிமோட்டைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"வேண்டாங்கம்மா" என்றார். அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார். "இவ கைக்கு ஆகாதுங்கம்மா. போன தடவையும் போட்டிருக்கக் கூடாது. நான் போட்டுட்டேன்."

ரிமோட்டை மேஜை மேல் வைத்தார்.  பெரியாத்தாள் அம்மா அப்போதுதான் என் புறங்கையை நன்றாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "அப்படீங்களா... எனக்கு ஆருமே சொல்லுலீங்களே" என்றார். ஒரு பத்திரிகையை எடுத்து விசிறிக்கொண்டார். இவர் போய் ஜன்னலைத் திறந்தார்.

மொபெட்டில் ஏறினேன். கேரியரைப் பிடிக்கவில்லை நான். வலது கையை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் பார்த்தேன். மனுஷன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.